மூணாவது கலர்

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை கிடையாது, படம் போடுகிற மேசை உண்டு. சோறெல்லாம் அடுக்களைத் தரையில் பலகை போட்டுத்தான். பட்டாசாலையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்ற அந்த மேசையின் நடுவில் பலகைக்குப் பதில் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே ஒரு குழல்விளக்கு. அப்பா ராத்திரியில் அதைப் போட்டார் என்றால் கீழேயிருந்து வருகிற வெளிச்சத்தில் அவர் முகம் தாடையில் ஆரம்பித்து நெற்றியில் மங்கிப்போகும். மழைக்காலத்தில் ஈசல் வந்து விழும். அம்மா, “பிள்ளைகளைத் தூங்க விடுறீகளா” என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். நாங்கள் எங்கே தூங்கினோம்? நானும் தங்கச்சியும் மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு, ரப்பர் சொல்யூஷன் வாடையை மூச்சு முட்ட இழுத்துக்கொண்டு நின்றிருப்போம். அந்த வாடை எனக்கு இன்றைக்கும் பசியைக் கிளப்பும். பஞ்சர் கடையைக் கடக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாடு ஞாபகத்துக்கு வந்துவிடும்.

எங்களுக்கென்று அந்த மேசையில் ஒரு வேலை இருந்தது. அப்பா எழுத்துகளை வெட்டி ஒட்டுவார், ஓரத்தில் பசை பிதுங்கிக் காயும். காய்ந்த பிறகு அதை விரல்நுனியால் மெல்லத் தேய்த்து உருட்டி எடுக்க வேண்டும். நகம் படக்கூடாது, எச்சில் தொடவே கூடாது. உருட்டி எடுத்ததையெல்லாம் சேர்த்துச் சேர்த்து, தங்கச்சி நெல்லிக்காய் அளவுக்கு ஒரு பழுப்பு உருண்டை செய்து வைத்திருந்தாள். தரையில் போட்டால் எம்பும். அதை நான் ஒருமுறை கேட்டு அவள் கொடுக்காமல், ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

அப்பாவுடைய தொழிலுக்கு அப்போது எங்கள் தெருவில் ஒரே பெயர்தான், ஆர்டிஸ்ட். “ஆர்டிஸ்ட் வீட்டுப் பிள்ளையா நீ” என்று மாவு மில்லில்கூடக் கேட்பார்கள். கிராபிக் டிசைனர் என்கிற பட்டமெல்லாம் வெகு நாள் கழித்து, கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்தது. தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், ஊதுபத்திக் கவர், ஜவுளிக்கடைக் காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் போடுவார். சிவகாசியில் அதற்கெல்லாம் ஆள் தேவைப்பட்டது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த கதையை அப்பா எங்களுக்குச் சொல்வார். ஆனால் எங்கே முடிப்பார் தெரியுமா? “குச்சி செஞ்சாச்சு, பெட்டி செஞ்சாச்சு. மேல ஒட்டுறதுக்கு லேபிள் வேணும்ல? அப்புறந்தான் அச்சாபீசு வந்துச்சு. அப்புறம் நான் வந்தேன்.” இடையில் விட்டுப்போன ஐம்பது வருஷத்தைப் பற்றி நாங்கள் கேட்டதில்லை. ஊரின் சரித்திரமே அப்பாவைக் கொண்டுவந்து அந்த மேசைக்கு முன்னால் உட்காரவைப்பதற்காக நடந்தது என்றுதான் நான் ரொம்ப காலம் நம்பியிருந்தேன்.

சாமி படங்களில் அவருக்குக் குரு கோவில்பட்டி கொண்டையராஜு. நேரில் பழக்கமில்லை. ராஜு 1976-இலேயே காலமாகிவிட்டார். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதப் போய்க் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டவர் அவர். அவரும் அவரிடம் கற்றுக்கொண்டவர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும்தான் தெற்கே பாதி வீடுகளின் சுவரில் காலண்டராகத் தொங்கினார்கள். அப்பா அந்தப் பழைய காலண்டர்களைச் சுருட்டிப் பரணில் வைத்திருந்தார். தோன்றியபோது எடுத்து விரித்து, சாமியின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். “விரல் வரையுறவன்தான்டா மனுஷன். மொகத்தை யாரு வேணாலும் போட்டுரலாம்” என்பார். எங்களை ‘டா’ போட்டுத்தான் கூப்பிடுவார், ரெண்டும் பொட்டப்பிள்ளைகள் என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததாகவே தெரியவில்லை.

அப்பா எங்களுக்கு வரையச் சொல்லித் தந்தார் என்று நான் எழுதினால் அது பொய். யானை எப்படிப் போடுவது, மாம்பழம் எப்படிப் போடுவது என்று ஒருநாளும் கையைப் பிடித்துக் காட்டியதில்லை. தன் வேலையில் எங்களுக்குப் புரிகிற ஒரு மூலையை எடுத்து எங்கள் பக்கம் தள்ளிவிடுவார், அவ்வளவுதான். மிச்சத்தை நாங்களே நோண்டிக்கொள்வோம்.

அப்படி நோண்டியதில் ஒன்று கருப்புச் சூரியன். லேபிளுக்குப் படம் போடும்போது ஒவ்வொரு கலருக்கும் ஒரு தாள். கீழே படம், மேலே ஒரு பட்டர் பேப்பரில் மஞ்சள் வரவேண்டிய இடம், அதன்மேல் இன்னொன்றில் நீலம் வரவேண்டிய இடம். மூலைக்கு மூலை கூட்டல்குறி போட்டு, தாள் நகராமல் ஒட்டி வைத்திருப்பார். வேடிக்கை என்னவென்றால் எல்லாத் தாளையும் இந்தியன் இங்க்கில் கருப்பாகத்தான் நிரப்புவார். “மஞ்சளை ஏம்ப்பா கருப்புல போடுற?” என்று கேட்டேன். “கேமராவுக்குக் கருப்பு வெள்ளை போதும்டா. மஞ்சள் எங்கன இருக்கு? மிஷின்ல ஊத்துற இங்க்குல இருக்கு” என்றார். எனக்கு அது பெரிய ரகசியத்தைத் தெரிந்துகொண்டது போல இருந்தது. ரெண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ இயற்கைக் காட்சி வரையச் சொன்னார்கள். ரெண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு. நான் சூரியனைக் கன்னங்கரேலென்று நிரப்பி, நாலு மூலையிலும் கூட்டல்குறி போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். டீச்சர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். “இது மஞ்சள் பிளேட்டு டீச்சர்” என்றேன். அவருக்கு அதில் என்ன புரிந்திருக்கும்! வீட்டில் வந்து சொன்னதும் அப்பா சிரிக்கவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஆத்துக்கு நீல பிளேட்டு எங்க?” என்றார்.

எழுத்திலும் இதே கதைதான். 1978-இல் அரசாங்கம் எழுத்தைச் சீர்திருத்திவிட்டதால் எங்கள் பாடப்புத்தகத்தில் ‘லை’யும் ‘னை’யும் இன்றைக்கு நீங்கள் பார்க்கிற மாதிரிதான் இருந்தன. ஆனால் பழைய பார்ட்டிகள் லேபிளில் தும்பிக்கை வைத்த ‘லை’யைத்தான் கேட்பார்கள், மாற்றினால் சரக்கு போலி என்று கடைக்காரன் சொல்லிவிடுவானாம். அப்பாவுக்கும் அந்தத் தும்பிக்கையை வளைத்துக் கீழே கொண்டுவந்து சுழிப்பதில் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷம் என் கட்டுரை நோட்டில் தொற்றிக்கொண்டு சிவப்பு மை வட்டங்களாகத் திரும்பி வந்தது. “டீச்சர் சொல்றதுதான் சட்டம்” என்றார் அப்பா. “அங்க அதை எழுது. இங்க வந்து இதை எழுது.”

இப்போது ஒரு கிளியின் கதைக்கு வருகிறேன். தீப்பெட்டி லேபிள் என்பது காசுக்கணக்கில் லாபம் பார்க்கிற சரக்கின் தலையில் ஒட்டுவது. 2007 வரைக்கும் ஒரு பெட்டியே ஐம்பது காசுதான் என்றால் லேபிளுக்கு எவ்வளவு செலவு செய்வார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கலர் கூடினால் பிளேட்டு கூடும், மிஷின் ஓட்டம் கூடும், செலவு கூடும். அதனால் வருகிற அண்ணாச்சிகள் எல்லாம் வெத்திலையை ஒதுக்கிக்கொண்டு முதலில் சொல்வது, “ரெண்டு கலர்ல முடிச்சிருங்க தம்பி.” அப்பாவுக்கு ரெண்டு கலர் என்றால் கொண்டாட்டம். மஞ்சளும் நீலமும் எடுத்துக்கொண்டால் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடத்தில் பச்சை கிடைக்கும். நீலத்தை நெருக்கமான கோடுகளாகப் போட்டால் இளம்பச்சை, மொத்தமாகப் போட்டால் கரும்பச்சை. தாளை விட்டுவிட்ட இடம் வெள்ளை. ரெண்டு கலர் கூலிக்கு ஐந்து கலர். “மூணாவது கலரை யாரும் விக்க மாட்டான், நீயாத்தான் செஞ்சுக்கிடணும்” என்பார். எங்களுக்கும் அதே பத்தியம்தான். ஒரு பெட்டி கிரேயான் வாங்கி வந்து, அதில் ரெண்டை மட்டும் எடுத்து எங்கள் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அலமாரி மேல் வைத்துவிடுவார். இன்றைக்கு இந்த ரெண்டில் என்னென்ன கிடைக்கிறது என்று சாயங்காலம் காட்ட வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு கலரில் வானவில் போட்டுக்கொண்டிருக்க, நாங்கள் ஊதாவுக்குள்ளும் ஆரஞ்சுக்குள்ளும் மணிக்கணக்காய்க் கிடப்போம்.

அப்படியிருக்க ஒரு அண்ணாச்சி கிளி மார்க் கேட்டு வந்தார். ரெண்டு கலர். அப்பா பச்சைக்கிளியைப் பிரமாதமாகப் போட்டுவிட்டார், இறகுக்கு இறகு கோடு. ஆனால் மூக்கு? கிளி மூக்குக்குச் சிவப்பு வேண்டுமே! சிவப்பு போட்டால் மூணாவது பிளேட்டு. மஞ்சளில் மூக்கு வைத்தால் மைனா. வெள்ளையாக விட்டால் நோய் கண்ட கிளி. அன்றைக்கு ராத்திரி அப்பா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அதே பென்சிலை மேசையெல்லாம் தேடிக்கொண்டு இருந்தார். தங்கச்சி பட்டர் பேப்பர் துண்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள், “கிளி மாம்பழம் தின்னுக்கிட்டு இருக்குப்பா. மூக்கு பழத்துக்குள்ள இருக்கு.”

அப்பா அவளைப் பார்த்தார். அப்புறம் கிளியைப் பார்த்தார். ரப்பரை எடுத்துக் கழுத்தைக் கொஞ்சம் குனியவைத்தார், காலுக்குக் கீழே ஒரு கொப்பு, கொப்பில் பெரிய மஞ்சள் மாம்பழம், அதற்குள் மூக்கு முழுக்கப் புதைந்த கிளி. அரை மணி நேரம் ஆகியிருக்காது. கிளிக்கு முன்னைவிட உயிர் வந்துவிட்டது. ஒரு நெட்டை நெடுங்கிளியாகச் சும்மா உட்கார்ந்திருந்தது, இப்போது ஒரு காரியத்தில் இருந்தது. அம்மாவை எழுப்பிக் காட்டினார்கள். எனக்குப் பொறாமையில் காது சுட்டது. பழத்தைச் சுற்றி ஒரு எறும்பு போடலாம் என்று நானும் யோசனை சொன்னேன். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். படத்தைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, “மூக்கு எங்க தம்பி?” என்றார்.

“பழத்துக்குள்ள இருக்கு அண்ணாச்சி.”

“அது சரி. எடுத்து வெளிய வைங்க.”

“வெளிய வச்சா சிவப்பு வேணுமே.”

அண்ணாச்சி ரொம்ப நேரம் யோசித்தார். கதவுக்குப் பின்னால் நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம். கடைசியில், “மூக்கு இல்லாத கிளி ராசியில்ல. மூணாவது கலரைப் போட்டுருங்க, காசு நான் குடுக்கேன். பழம் மட்டும் இருக்கட்டும், நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்தார். அப்படியாகச் சிவப்பு மூக்கோடு, மாம்பழத்துக்குப் பக்கத்தில் கிளி அச்சானது. தங்கச்சி அந்தப் பழம் தன்னுடையது என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பெட்டிக்கடையில் அந்தத் தீப்பெட்டியைப் பார்த்தால் நின்று ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் வருவாள்.

எந்தப் படம் முடிந்தாலும் எங்களை வைத்து ஒரு சோதனை நடக்கும். நாலு மடங்கு பெரிதாகப் போட்ட லேபிளைச் சுவரில் குத்திவைத்துவிட்டு, எங்களை அடுக்களை வாசல்வரைக்கும் தள்ளிப் போகச் சொல்வார். பெட்டிக்கடையில் வாழைத்தாருக்குப் பின்னால், பீடிக்கட்டுக்குப் பக்கத்தில் கிடக்கப்போகிற சரக்கு இல்லையா? கண்ணை மூடச் சொல்வார், திறக்கச் சொல்வார். “கண்ணு மொதல்ல எங்க போச்சு?” நன்றாக இருக்கிறதா என்று எங்களிடம் அவர் கேட்டதே கிடையாது. நாங்கள் போடுகிற படத்துக்கும் அதே கேள்விதான். நான் ஒரு தேர் போட்டு, சக்கரம், வடம், பூசாரி, பலூன்காரன் எல்லாம் வைத்துப் பாராட்டை எதிர்பார்த்து நிற்பேன். அவர் கண்ணை மூடித் திறந்துவிட்டு, “எனக்குப் பலூனுக்குப் போச்சு. நீ தேர்னு சொல்ற” என்பார். அழுகையாக வரும். அப்புறம் போய்ப் பலூனைச் சின்னதாக்குவேன். சில நாள் தேரையே அழித்துவிட்டுப் பலூனை வைத்துக்கொள்வேன்.

சிலர் வந்து வேறொரு பெயர்பெற்ற லேபிளை மேசையில் வைத்து, “இது மாதிரியே வேணும், ஆனா கேசு வராத மாதிரி வேணும்” என்பார்கள். ஊரில் அது சகஜம். அப்பா முகத்தைச் சுளிப்பாரே தவிர மறுத்துவிட மாட்டார், வீட்டுக்கு அரிசி வேண்டுமே. அந்த வேலைகளை மட்டும் எங்களிடம் காட்டமாட்டார். சுவரில் குத்தி வைத்துக் கேள்வியும் கேட்கமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சிலிருந்து சூடு ஆறாத முருகன் காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து, பிரஸ்காரர்கள் வைத்திருக்கிற மடக்கு லென்ஸை அதன்மேல் வைத்து, பாருங்கள் என்றார். நான் முருகனின் கன்னத்தைப் பார்த்தேன். கன்னம் இல்லை. மஞ்சள் புள்ளி, சிவப்புப் புள்ளி, அங்கங்கே நீலப் புள்ளி, நடுவில் வெள்ளைத் தாள். லென்ஸை நகர்த்தினேன். கண்ணுக்குப் போனால் கருப்புப் புள்ளிகள் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. உதட்டில் சிவப்பு நெருங்கி மஞ்சளை மூடியிருந்தது. வேலின் நுனியில் புள்ளியே இல்லை, அது வெறும் தாள், அதுதான் அப்படிப் பளபளத்தது. லென்ஸை எடுத்தால் முருகன், வைத்தால் புள்ளி. தங்கச்சி பயந்துபோய்ச் சாமி எங்கே என்று கேட்டாள். நீலம் 15 டிகிரி, கருப்பு 45, சிவப்பு 75, மஞ்சள் 90 என்று ஒவ்வொரு கலரின் புள்ளி வரிசையும் ஒவ்வொரு சாய்மானத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் படத்தின்மேல் கட்டம் கட்டமாக ஒரு வலை விழுந்துவிடும் என்று அப்பா சொன்னதை நான் பெரிய வகுப்பில் கோணமானி வாங்கிய பிறகுதான் புரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது லென்ஸ்தான். அதை வைத்துக்கொண்டு பத்திரிகைப் படம், சோப்புக்கவர், பஸ் டிக்கெட், கடைசியில் அம்மாவின் சேலை என்று வீட்டையே பரிசோதித்து முடித்தேன். சேலையில் புள்ளி இல்லை, நூல் இருந்தது.

கலருக்கு அம்மா தனிப் பாஷை வைத்திருந்தாள். வாடாமல்லி, கத்தரிப்பூ, மாம்பழக் கலர், அரக்கு, மயில்கழுத்து, பொடிக்கலர், எம்.எஸ். ப்ளூ. அப்பாவோ மஞ்சள் நாற்பது, நீலம் இருபது என்று சதவீதத்தில் பேசுகிறவர். ஒருமுறை ஜவுளிக்கடைக் காலண்டரில் லட்சுமியின் புடவைக்குக் கலர் வைக்க முடியாமல் தவித்தபோது, அம்மா வந்து பீரோவைத் திறந்து, ஒரு சேலைத் தலைப்பை இழுத்து மேசையில் போட்டுவிட்டு, “இதான் அரக்கு. நீங்க போட்டிருக்கது ரத்தம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த வருஷத்து லட்சுமி எங்கம்மாவின் சேலையைத்தான் கட்டியிருந்தாள்.

வைகாசி முடிந்தால் அப்பாவைப் பார்ப்பதே அரிது. ஆடிப்பெருக்கன்று புது வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். அதற்குள் மாதிரிகள் தயாராக வேண்டும். அந்த மாதங்களில் அவர் எங்களிடம் விட்டுவிட்டுப் போவது பழைய பல்விளக்கும் பிரஷ்ஷும் சீப்பும்தான். வேப்பங்கொப்பை, முருங்கை இலையைத் தாளின்மேல் பரப்பி, போஸ்டர் கலரில் பிரஷ்ஷைத் தொட்டுச் சீப்பில் தேய்த்தால் சாரலாக விழும். இலையைத் தூக்கினால் வெள்ளை இலை. அங்கணத்தில் பிரஷ் கழுவினால் தண்ணீர் ஊதாவாகி, பச்சையாகி, கடைசியில் எல்லாம் சேர்ந்து சேற்று நிறமாய் ஓடும். சுவரில் தெறித்த சாரலுக்காக அம்மாவிடம் வாங்கிய அடியும் உண்டு.

வரையத் தாளுக்கு மட்டும் எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. பிரஸ்ஸில் மிஷின் சரியாகும்வரை ஓடிய கழிவுத்தாள் கட்டுக்கட்டாக வரும். சேவலுக்குப் பக்கத்தில் தனியாக மிதக்கிற கொண்டை, ரெண்டு வரிசைப் பல்லோடு சிரிக்கிற பாப்பா, கலர் ஏறாத பிள்ளையார். நல்ல தாளைவிட எங்களுக்கு அந்த விலகிய தாள்கள்தான் பிடிக்கும். மிச்சம் கடைகளுக்குப் போகும். சாத்தூர் சேவு வாங்கிப் பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே எண்ணெய் ஊறிய அப்பாவின் ரோஜாப்பூ இருக்கும். “அப்பா படம்!” என்று தங்கச்சி கத்துவாள். அப்பா ஒரு சேவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “சிவப்பு தூக்கலா ஓட்டிட்டான்” என்பார்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அப்பா அழுது புலம்பவில்லை. கோரல்டிராவைத் தன் வயதில் பாதிகூட இல்லாத ஒரு பையனிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். வரைந்ததை ஒரு பொத்தானில் இல்லையென்று ஆக்கிவிட முடிகிறது என்பதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒரே ஒரு வித்தியாசம், கம்ப்யூட்டர் வீட்டுக்கு வரவில்லை. அதற்குக் குளிர்சாதன அறை வேண்டும், பிரஸ்ஸிலேயே வைத்தார்கள். அப்பா காலையில் போய் ராத்திரி வருகிற மற்ற வீட்டு அப்பாக்களில் ஒருவரானார். மேசையில் நாங்கள் பரீட்சைக்குப் படித்தோம். கண்ணாடிக்குக் கீழே விளக்கு எரிந்தால் புத்தகம் படிக்கத் தோதுப்படாது என்று ஒயரைக் கழற்றிவிட்டது நான்தான்.

ரெண்டு பேரில் யாரும் ஆர்டிஸ்ட் ஆகவில்லை. நான் கணக்கு டீச்சர். தங்கச்சி மதுரையில் வீட்டிலேயே பருப்புப்பொடி, எள்ளுப்பொடி அரைத்து விற்கிறாள், கொஞ்சம் நன்றாகவே போகிறது. போன தை மாதம் ஊருக்கு வந்தவள், பொடிப் பொட்டலத்துக்கு லேபிள் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டாள். அவருக்கு இப்போது கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, கை லேசாக நடுங்குகிறது. பென்சிலைத் தேடினார், காதிலேயே இருந்தது.

“எத்தனை கலர்?” என்றார்.

“இப்பல்லாம் டிஜிட்டல்ப்பா. எத்தனை போட்டாலும் ஒரே காசுதான்.”

“அது அவன் கணக்கு. எங்கிட்ட எத்தனை கலர்?”

தங்கச்சி என்னைப் பார்த்துச் சிரித்தாள். “ரெண்டு போடுங்க.”

“எள்ளுக்குக் கருப்பு வச்சாச்சு. இன்னும் ஒண்ணுதான் இருக்கு. மிளகாய் போடவா, வேண்டாமா?”

“போடுங்க.”

“அப்ப பருப்பு?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “மூணாவது கலருக்குக் காசு நான் குடுக்கேன்” என்றாள். அப்பா கையை நீட்டி, அட்வான்ஸ் கேட்டார்.